மஞ்சள் பட்டை போட்ட ஜாயின்ட்

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் வளைகுடாவில் ஒரு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என் கைவேலையில் நிற்கிறது. பம்மலில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைத்த கை இது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற குழாய் வேலைக்கு உயர்ந்தபிறகும் என் ஜாயின்ட் ஒன்றுகூடத் தோற்றதில்லை. நம்பாதவர்கள் என் கூட்டாளியைக் கேட்கலாம். அவனும் பம்மல்காரன்தான், இன்னும் அந்த ஆலையிலேயே வேலை பார்க்கிறான். அவன் குழாயை நேராக நிறுத்திக் கொடுப்பான், நான் பற்றவைப்பேன்.

ஆலைக்கு இரண்டு முதலாளிகள். பாதி அந்த நாட்டு அரசுக் கம்பெனி, பாதி வெளிநாட்டுக் கம்பெனி. கூட்டெல்லாம் காகிதத்தில்தான். கேன்டீன் தனி, பொறியாளர் தனி, பழக்கவழக்கமும் தனி. குழாயில் மஞ்சள் பட்டை அடித்தால் உள்ளூர்க் கம்பெனிக்கு பாஸ் என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அதே மஞ்சள், அறுத்து எடு. ஆளுக்கொரு பக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை.

உலையிலிருந்து வரும் பெரிய குழாயில்தான் இரண்டு பக்கமும் சந்தித்தன. சேர்க்கிற ஜாயின்ட்டை உள்ளூர்க் கம்பெனி ஆளான என்னிடம் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? மூன்று நாள் போட்டேன். எக்ஸ்ரே பாஸ். மஞ்சள் பட்டை அடித்து, பக்கத்தில் என் நம்பரை எழுதினார்கள். அங்கே வெல்டருக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் அதை அறுத்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டு கம்பெனி மேனேஜர்களும் வந்தார்கள். தப்பு எங்களுடையது, இன்னொரு தரம் போட்டுக்கொடு என்றார்கள். முடியாது என்றேன். கூட்டாளி என்னைத் தனியே இழுத்தான்.

"அண்ணா, வுடுண்ணா. ரெண்டு பெரிய மன்சன் வந்து கேக்குறான். இன்னும் ரெண்டே மாசம், எண்ணெய் உள்ள வுடப்போறாங்க. பாத்துட்டே ஊருக்குப் போலாம்."

"அறுத்தவன் வந்து கேக்கட்டும்."

"அறுத்தவன் இன்னாண்ணா பண்ணுவான்? மஞ்சளைக் காட்னாங்க, அறுத்தான்."

"அப்ப எனக்கு ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லு."

போட்டுவிட்டார்கள். அந்த ஜாயின்ட்டில் இப்போது வேறொருவன் நம்பர் இருக்கிறது. கர்வம் தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். கர்வம் இல்லாதவனிடம் குழாயைக் கொடுக்கவே கூடாது. ஆனால் அந்த இரண்டு மாதம் இருந்திருக்கலாம்.

எண்ணெய் முதன்முதலில் ஓடும்போது குழாய் முனகுமாம். சூட்டில் நீண்டு, தாங்கியின் மேல் நகர்ந்து உட்காருமாம். கூட்டாளி போனில் சொல்லித்தான் தெரியும். இத்தனை வருடம் குளிர்ந்த குழாயோடு வாழ்ந்தவன் நான். அது உயிரோடு இருந்து பார்த்ததில்லை. செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்து மாடி வீடு கட்டினேன், மூன்று பிள்ளைகளையும் பட்டம் படிக்கவைத்தேன். அதெல்லாம் இருக்கிறது. பம்மலுக்குப் போகிற நாளில், தலைக்குமேல் தாழ்ந்து இறங்கும் விமானத்தைப் பார்த்தால் மட்டும் கால் நின்றுவிடும். வளைகுடாவிலிருந்து வருகிறதோ என்று பார்ப்பேன்.

ஒரு தரம் ஆலைக்குள் போய்ப் பார்க்க அனுமதி வாங்கித் தரச் சொல்லி ஒரு வருடமாகக் கூட்டாளியை நச்சரித்தேன். போன வாரம் கூப்பிட்டான்.

"கேட்டுட்டேண்ணா. வெளியாளை உள்ள வுடமாட்டாங்களாம்."

"நான் வெளியாளா?"

"பேப்பர்ல அப்டிதான் கீது."

 வேறொன்று கேட்டேன்.

"உலை லைன் பக்கம் போவியா?"

"டெய்லி போறேனே."

"என் ஜாயின்ட் ஏதாச்சும் ஒண்ணு, கையுறையைக் கழட்டிட்டு எனக்காகத் தொட்டுப் பாரேன்."

"நல்லா சொன்னே போ! மேல சுத்தின தகரத்தைப் பிரிச்சுத் தொட்டா கை வெந்து பூடும்ணா. லைன் ஓடிக்கினு கீது."

"எவ்ளோ சூடு இருக்கும்?"

சொன்னான். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தரம் சொல்லவைத்தேன்.