பழுக்காத புண்

என் தங்கைக்குத் தைராய்டு கூடியிருந்தது. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, தின்றதெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியாமல் மெலிந்துகொண்டு வந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தா மாத்திரைய நிறுத்திட்டு உடனே ரத்தம் பாக்கணும்" என்றார். அவள் தலையாட்டுவதற்கு முன்னால் நான் ஆட்டினேன். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன லேபில் இருபது வருடமாக ரத்தம் பார்க்கிறவள் நான். எனக்கே சொல்லித் தருகிறாரே என்று ஒரு எரிச்சல்கூட இருந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, தொண்டை வலிக்கி. எச்சி முழுங்க முடியல. மாத்திரைய நிறுத்தவா?"

சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். "ஏட்டி, ஆத்துல ரொம்ப நேரம் கெடந்திருப்ப. உப்புத் தண்ணி கொப்பளி. மாத்திரைய மட்டும் விட்டுராத" என்று சொல்லி வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னது என் நினைவுக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவளே பஸ் பிடித்து வந்து நின்றாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. போன் விளக்கை அடித்துத் தொண்டையைப் பார்த்தேன். இந்தக் காய்ச்சலுக்குத் தொண்டை ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், வெள்ளை வெள்ளையாகச் சீழ்ப் புள்ளி இருக்க வேண்டும். அங்கே சாம்பல் நிறத்தில் இரண்டு குழிகள் இருந்தன. சுற்றிலும் வெளிறிக் கிடந்தது.

நொண்டிக்கொண்டு வந்தாளே என்று காலையும் பார்த்தேன். ஆற்றுக்குப் போகிற வழியில் உடைமுள் குத்தி நான்கு நாளாகிறதாம். எங்கள் வீட்டில் புண்ணுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சிவக்கும், வீங்கும், விண்விண்ணென்று தெறிக்கும், பழுத்து உடையும், பிறகு ஆறும். இது எதுவுமே செய்யவில்லை. ஊசி போன இடம் மாதிரி ஒரு கறுப்பு ஓட்டை, அவ்வளவுதான். "பரவால்ல, புண்ணு சுத்தமா இருக்கு" என்றேன். நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அவளை லேபுக்குக் கூட்டிப் போய் நானே ரத்தம் எடுத்தேன். வீட்டு ஆட்களின் ரத்தத்துக்கு எங்கள் லேபில் எண் போடுவதில்லை. குழாயில் பேனாவால் 'வீடு' என்று எழுதி, மற்ற வேலை முடிந்த பிறகு கடைசியில் ஓட்டுவோம். எண் போட்ட ரத்தத்தில் கணக்கு ஏதாவது கன்னாபின்னாவென்று வந்தால் அந்த நிமிடமே டாக்டருக்குப் போன் போட வேண்டும், அது சட்டம். 'வீடு' என்று எழுதிய குழாய்க்கு அந்தச் சட்டம் கிடையாது.

மெஷின் வெள்ளை அணுக்கள் இல்லையென்றே சொல்லிவிடும்போல ஒரு எண்ணைக் காட்டியது. ரத்தம் உறைந்திருக்கும் என்று மறுபடி எடுத்தேன். அதே எண். கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்கள் வழக்கம்போல நெருக்கிக்கொண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவில் நான் தேடியது இல்லை. ஊதா நிறத்தில் மூன்று நான்கு உருண்டைகளை நூலில் கோத்ததுபோல உட்கரு வைத்திருக்கும் வெள்ளை அணுக்கள், நியூட்ரோபில்கள். எந்த மனுஷனின் ரத்தத்திலும் நான்கு இடம் தள்ளிப் பார்ப்பதற்குள் ஒன்று வந்து நிற்கும். தகட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளினேன். ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது, சாயத்தின்மேல். அது முந்தின நாள் உடைத்த புதுப் பாட்டில். தகட்டைக் கழுவினேன், இன்னொன்று தேய்த்தேன், சாயத்தைக் கூட நேரம் விட்டேன். பிறகு பழைய பாட்டிலைத் தேடி எடுத்து அதிலும் ஒன்று போட்டேன். அவள் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள். இப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று.

கடைசியில், காலையில் வந்த ஒரு அண்ணாச்சியின் ரத்தத்தை அதே புதுச் சாயத்தில் போட்டேன். நியூட்ரோபில்கள் வரிசையாக வந்து நின்றன. சாயத்தில் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த அணுக்கள் பிறவியிலேயே வேலை தெரிந்தவை. புதுக் கிருமியா பழைய கிருமியா என்று விசாரிப்பதில்லை. முள் குத்திய கொஞ்ச நேரத்துக்குள் ரத்தக் குழாயின் சுவர் இடுக்கில் பிதுங்கி வெளியே வந்து, கிருமியை விழுங்கி, அங்கேயே செத்தும் விழும். சீழ் என்பது பெரும்பாலும் அந்தப் பிணங்கள்தான். நான் சுத்தமான புண் என்று சொன்ன இடத்துக்கு யாருமே வரவில்லை. கிருமிகள் உள்ளே வந்து, வீடு பிடித்து, பெருகிக்கொண்டிருக்க, என் தங்கையின் உடம்பு ஆளில்லாத தெரு மாதிரி கிடந்தது. தொண்டை வலியும் காய்ச்சலும்தான் கத்திக்கொண்டிருந்தன. அதையும் நான் நான்கு நாளாகக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். முதல் வேலையாக மாத்திரையை நிறுத்தினார்கள். நரம்பில் மருந்து ஏறியது, எலும்பு மஜ்ஜையைக் கிளப்பிவிடத் தினமும் ஒரு ஊசி. "ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்கு இந்த மாத்திரைக்கு இப்படி ஆகும். இன்னும் ரெண்டு நாள் தின்னிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். அங்கே லேபில் இருந்த பெண்ணிடம் கெஞ்சி, தினமும் தங்கையின் ரத்தத் தகட்டைப் பார்த்தேன். ஆறு நாளும் அதே வெறுமை. தூங்குகிறவளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவ்வளவு அமைதியாக இருந்தது அந்த முகம்.

ஏழாம் நாள் ஒன்று தென்பட்டது. உட்கரு இன்னும் உருண்டை உருண்டையாகப் பிரியாத இளசு. அன்று சாயங்காலம் அவள், "அக்கா, கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்கி" என்று முனகினாள். போர்வையை விலக்கினால் பாதம் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. தெருவுக்கு ஆள் வந்துவிட்டது. பாதத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். நர்ஸ் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அவளிடம் சொன்னேன், டாக்டர் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று.

"எனக்கு ஞாவகம் இருந்துச்சுக்கா" என்றாள். "அதான் நிறுத்தவான்னு கேட்டேன். நீ சொன்னதுனால தின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு எத்தனையோ தலைவலியும் சளியும் வந்து போயிருக்கின்றன. நேராக டாக்டரிடம் போய்விடுகிறாள், எனக்குப் பிறகுதான் தெரிகிறது. அதுதான் சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காலையில் போன் அடித்தால், அவளாக இருக்காதா என்றுதான் எடுக்கிறேன்.