கையில் தூக்கக்கூடியது

எங்கள் வீட்டில் அலுமாரி இல்லை. உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ்களில் இருக்கின்றன. கதிரைகள் பிளாஸ்டிக், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். குளிர்சாதனப் பெட்டி, கடைக்காரர் காட்டியவற்றில் ஆகச் சிறியது. புத்தளம் பக்கம் மாம்புரியில் காணி வாங்கி, கல்வீடு கட்டி, வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்து இத்தனை காலமான பிறகும், ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பொருளை நாங்கள் வாங்குவதில்லை. யாரும் கூடிப் பேசி எடுத்த தீர்மானமல்ல. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து வெளியேறச் சொன்னபோது, கையில் பிடித்ததைத் தவிர மற்றதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு நானும் மனைவியும் கடைக்குப் போனால், விலையைக் கேட்பதற்கு முன் பொருளை ஒரு தடவை தூக்கிப் பார்ப்போம். கடைக்காரர்கள் அதைத் தரப் பரிசோதனை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகள் டெஸ்க்டொப் கணினி வேண்டும் என்று கேட்டாள்.

அவள் இங்கே பிறந்தவள். பெண் பிள்ளைகளுக்குக் கணக்கியல் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறாள். மிச்ச நேரத்தில் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எல்லார் கையிலும் துப்பாக்கி. பின்னால் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். யார் எதற்காகச் சாகிறார்கள் என்பது எனக்குப் பிடிபட்டதில்லை. அது விளையாட்டின் குறை அல்ல. உறவினர் ஒருவர் கழித்துப் போட்ட பழைய கணினியில் விளையாடியே அவள் பெயர் எடுத்திருந்தாள். கொழும்பில் பெண்கள் அணி ஒன்றில் ஓர் இடம் காலியானபோது, அணித் தலைவி இவளையும் தெரிவுப் போட்டிக்குக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம், அவரவர் வீட்டிலிருந்தே விளையாட வேண்டும். பழைய கணினியில் அந்தப் போட்டிக்கு உட்கார முடியாது.

பணம் அவளுடையது. நடைமுறை என்னுடையது. ஓய்வுபெறும்வரை அரச அலுவலகமொன்றில் பெறுகை, அதாவது சாமான் வாங்கும் வேலைதான் பார்த்தேன். ஒரு பெட்டி குண்டூசி வாங்குவதற்கும் விவரக்கூற்று, விலைமனு, மதிப்பீடு என்று படிப்படியாக ஏறிப் பழகியவன், வீட்டில் மட்டும் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பது? ஆகவே சாப்பாட்டு மேசையில் பெறுகைக் குழு கூடியது.

"வாப்பா, கேமுக்கு லெப்டொப் சரிவராது," என்றாள் மகள்.

"ரெண்டிலயும் ஒரே கிராபிக்ஸ் கார்ட் தானே போட்டிருக்கு. இலக்கமும் ஒன்று. விவரக்கூற்றில ஒரு வித்தியாசமும் இல்ல."

"பேர்தான் ஒன்று. அதுக்குப் போற கரண்ட் வேற. டெஸ்க்டொப்பில அது வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு ஓடும். லெப்டொப்பில நோன்பு பிடிச்ச மாதிரி."

"நோன்பு பிடிச்சவங்களும் வேலை செய்றாங்கதானே."

"பின்னேரம் அஸருக்குப் பிறகு எப்படிச் செய்றாங்கன்னு உங்கட கந்தோரில நீங்க பார்க்கல்லயா?"

அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் குழுவின் தலைவர் அதை ஒத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. மனைவி தன் பங்குக்கு, "அந்தப் பெட்டியத் துடைக்கிறது யாரு? வயரெல்லாம் நிலத்தில இழுபடும். கூட்டுறது நான்," என்றாள். இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் லெப்டொப் என்று முடிவாயிற்று. கரண்ட் போனாலும் நிற்காது, இடம் பிடிக்காது, பழுதானால் திருத்தக் கொண்டுபோகலாம் என்று காரணங்களை நான் வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சரியான காரணங்கள். உண்மையான காரணம் வேறு என்பது மேசையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

புத்தளத்தில் கடைக்கார இளைஞன், நாங்கள் எதைத் தொட்டாலும் அதைவிடச் சிறந்தது உலகத்தில் இல்லை என்றான். நான் லெப்டொப்பைத் தூக்கிப் பார்த்தேன். அவன் உடனே, "எங்க வேணும்னாலும் கொண்டு போகலாம் சேர்," என்றான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். மகள் கூரையைப் பார்த்தாள்.

காலை வேளைகளில் அது அருமையாக ஓடியது. நான் வெற்றிபெற்ற அதிகாரியைப் போல வீட்டுக்குள் நடமாடினேன். பின்னேரம்தான் சங்கடம். இந்தக் கரையில் பகல் ஏறினால் கூரைத் தகடு கொதிக்கும். கடற்காற்றும் குளிர்ச்சிக்குப் பதிலாக உப்பைத்தான் கொண்டுவரும். அவள் விளையாடத் தொடங்கிச் சற்று நேரத்தில் லெப்டொப்பின் விசிறி, பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போல இரையத் தொடங்கும். பிறகு திரையில் படம் விக்கும். ஓடி வருகிற ஆள் ஓடி வரமாட்டான். இங்கே நிற்பான், அடுத்த கணம் அங்கே நிற்பான், இடைப்பட்ட தூரம் காணாமல் போய்விடும்.

"என்ன செய்யுது அது?" என்று கேட்டேன்.

"சூடு கூடினா எரிஞ்சு போகாமத் தன்னையே காப்பாத்திக்குது. வேகத்தைக் குறைச்சிடும்."

"நல்ல புத்திதானே."

"ஓம், எதிரிக்கு நல்லது."

டெஸ்க்டொப் என்றால் உள்ளே காற்று ஓட இடம் இருக்கும், பெரிய விசிறிகள் இருக்கும், உப்பும் தூசும் படிந்தால் பக்கத்தைத் திறந்து துடைக்கலாம் என்று அவள் விளக்கினாள். ஒரே கார்ட்தான், ஒன்றுக்கு ஒரு அறை, மற்றதற்கு ஒரு தட்டு. பிறகு என் சுற்றுநிருபக் கோப்புகளில் தடித்தவை இரண்டை எடுத்து, அடியில் காற்றுப் போக லெப்டொப்பின் இரு ஓரத்துக்கும் முட்டுக் கொடுத்தாள். ஓய்வுபெற்றபோது மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்த கோப்புகள். அவற்றால் பொதுமக்களில் ஒருவருக்காவது நேரடிப் பயன் கிடைத்தது அன்றுதான். மேசை விசிறியையும் லெப்டொப் பக்கம் திருப்பிவிட்டு, அவள் வியர்வையில் உட்கார்ந்திருந்தாள்.

தெரிவுப் போட்டி அன்று ஜும்ஆ முடிந்து வந்து, சத்தம் போடாமல் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டேன். தொடக்கத்தில் நன்றாகவே ஆடினாள். அவளுடைய கை எலிக்குஞ்சு மாதிரி அசைந்தது. பெரிய அசைவே இல்லை, ஆனால் மறுபக்கத்தில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பிறகு லெப்டொப்பின் மோட்டார் இரையத் தொடங்கியது. படம் விக்கியது. அவள் தோள் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து எங்கேயோ தென்னோலை ஒன்று கம்பியில் விழுந்திருக்க வேண்டும், கரண்ட் போயிற்று. எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அயலவர் என்பதற்காகத் தென்னோலைகள் சலுகை காட்டுவதில்லை.

மேசை விசிறி நின்றது. லெப்டொப் நிற்கவில்லை. இணையமும் அவளுடைய கைத்தொலைபேசியிலிருந்து வந்ததால் அறவில்லை. நான் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. என் முதலாவது காரணம் மெய்யாகிக்கொண்டிருந்தது. ஆனால் பற்றரிக்கு மாறிய லெப்டொப் பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டது. உயிர் இருந்தது, ஓட்டம் இல்லை. திரையில் என் மகள் ஒரு சுவரோரம் நின்ற இடத்திலேயே செத்துப்போனாள். பிறகும் செத்தாள்.

முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றினாள். தலைவியின் குரல் அதற்குள்ளிருந்து சன்னமாகக் கேட்டது. சிங்களத்தில், தங்கச்சி, உன் கை நல்லது, உன் மெஷின்தான் விடவில்லை என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு பேரைப் பார்க்கிறோம், அதற்குள் சரிசெய்தால் உன்னையும் ஒருதரம் பார்ப்போம், அதற்குப் பிறகு இல்லை என்றாள்.

மகள் லெப்டொப்பை மூடி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல அதன்மேல் கையை வைத்தாள்.

"வாப்பா, நான் எங்கயும் போகப் போறதில்ல. எனக்கு எதுக்குத் தூக்கிட்டுப் போற சாமான்?"

குரலை உயர்த்தவில்லை. அடுக்களையில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். இப்படிப்பட்ட இடங்களில் நான் விதிகளுக்குள் புகுந்துகொள்வது வழக்கம்.

"பெறுகை விதிப்படி ஒருதரம் தீர்மானிச்சதை..." என்று தொடங்கினேன்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். "உங்கட விதியெல்லாம் அந்த மெஷினுக்குக் கீழ கிடக்கு. அங்கேயே கிடக்கட்டும். புள்ளைக்கு வேணுங்கிறதை எடுத்துக் குடுங்க."

குழுவில் இப்போது இரண்டுக்கு ஒன்று மறுபக்கம்.

டெஸ்க்டொப் ஓட்டோவில் வந்து இறங்கியது. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். பக்கத்தில் கண்ணாடி போட்ட பெட்டி. உள்ளே கிராபிக்ஸ் கார்ட் ஒரு செங்கல் அளவில் தனக்கென்று விசிறிகளோடு இருந்தது. லெப்டொப்புக்குள்ளும் இதே பெயரில்தான் ஒன்று இருக்கிறது என்று எந்த மதிப்பீட்டுக் குழுவிடமும் இனி நான் சொல்லமாட்டேன். கரண்ட் போனால் சில நிமிஷம் தாங்க ஒரு யூபிஎஸ். சின்னதாகத் தெரிந்தது, தூக்கினால் கருங்கல். எங்கள் பிளாஸ்டிக் மேசை இவற்றைக் கண்டதும் வளைந்தது. ஆகவே மரமேசை ஒன்றும் வந்தது. அதையும் இரண்டு பேர்தான் தூக்கினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லெப்டொப் எனக்கு ஒதுக்கப்பட்டது. இதை அதில்தான் எழுதுகிறேன். எழுத்துகளுக்கு அது சூடாவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே வெயில், அதே உப்புக்காற்று. பெட்டிக்குள் விசிறிகள் தூங்குகிறவர் மூச்சுவிடுவதுபோல ஓடின, கடைசிவரை அப்படியே ஓடின. ஒருதரம் கரண்ட் வெட்டியது. யூபிஎஸ் கீச்சிட்டது, அடுக்களையிலிருந்து "யா அல்லாஹ்" என்று கேட்டது, கரண்ட் திரும்பி வந்தது. திரையில் ஆட்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இடைப்பட்ட தூரம் முழுவதையும் ஓடிக் கடந்தார்கள். மகள் எழுந்து, "என்னை எடுத்திட்டாங்க," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகப் பத்திரிகை படித்திருப்பேன். கொஞ்ச நாளில் அணியிலிருந்து செய்தி வந்தது. முதல் போட்டி கொழும்பில், மண்டபம் ஒன்றில். மகள் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எங்களுக்குச் சொன்னாள்.

"அவங்கவங்கட கம்பியூட்டரை அவங்கவங்கதான் கொண்டு வரணுமாம்."

முதலில் சிரித்தது மனைவி. நான் சிரிக்கவில்லை.

"லெப்டொப் இருக்கு..."

"வாப்பா."

"சரி."

பெட்டியின் அட்டையையும் வெள்ளைத் தக்கையையும் நான் எறியாமல் வைத்திருந்தேன். கழிவுப் பொருளை அகற்ற அனுமதி வழங்கப்படவில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். மகள் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, குலுங்கி உடையாமல் இருக்கத் தன் உடுப்புகளுக்கு நடுவில் சுற்றித் தோள்பையில் வைத்தாள். கட்டிலுக்குக் கீழிருந்த பெரிய சூட்கேஸைக் காலிசெய்து, திரையைப் படுக்கை விரிப்பில் பொதிந்து உள்ளே வைத்தோம். கயிறு கட்டுவது என் பொறுப்பு. மூட்டை கட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தானாகவே சுற்றியது, தானாகவே முடிச்சுப் போட்டது. அந்தக் கையை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஓட்டோ வந்தது. நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை வாசலுக்கு வெளியே கொண்டுபோனோம். மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப திரும்பி வருவீங்க?" என்று கேட்டாள்.

மற்ற முறை, தொண்ணூறில், மூட்டையோடு வாசலைத் தாண்டியபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் மிஞ்சி நிற்கவில்லை.

"ஞாயிறு பின்னேரம்," என்றேன். "பஸ் கிடைச்சா மஃரிபுக்கு முந்தி."

மூக்குக்கண்ணாடியை எடுக்க மறுபடி உள்ளே போனபோது, கையிலிருந்த பத்திரிகையை வெறுமையாகக் கிடந்த மரமேசையில் வைத்தேன். மனைவி அதை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அதில வைக்காதீங்க. அது கம்பியூட்டர்ட இடம்."