சாண்ட்விச்சுக்கு சைஸ் போட்ட மாஸ்டர்

பெருமாள்சாமி மாஸ்டருக்கு மனிதர்கள் முதலில் அளவாகத்தான் தெரிவார்கள், முகம் அப்புறம்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டினால், "நாப்பது, கை கொஞ்சம் நீளம்" என்பார். பையன் என்ன வேலை பார்க்கிறான், என்ன படித்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோகும். மார்பளவு மறக்காது.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் திருப்பூருக்கு பஸ் ஏறியவர். பிசிறு வெட்டினார், டெய்லர் பக்கத்தில் நின்று கைமடித்தார், கட்டிங் டேபிளில் நின்றார். இப்போது முதலிபாளையம் தொழிற்பேட்டையில் லிங்கசாமி என்பவரின் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற தாளில் ஒரு சைஸுக்கு மட்டும், பெரும்பாலும் மீடியத்துக்கு, அளவு இருக்கும். இடது பக்கம் பெயர், வலது பக்கம் எண். அதை வைத்துக்கொண்டு ஸ்மாலுக்குக் குறைத்து, லார்ஜ், எக்ஸெல், டபுள் எக்ஸெல்லுக்கு ஏற்றிக் கொடுப்பது அவர் வேலை. இதற்கு கம்பெனியில் கிரேடிங் என்று பெயர். மாஸ்டர் வாயில் 'வளத்துறது'. மார்பு தாராளமாக வளரும், உயரம் அளவாக வளரும், கழுத்து கஞ்சத்தனமாக வளரும். இருபத்தாறு வருடத்தில் அவர் வளர்த்த எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு. முதலாளியே வெளியே ஆள் வந்தால், "எங்க மாஸ்டர் தாள் போட்டா பார்க்க வேண்டியதில்லீங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக மாஸ்டர் காய்ச்சலிலும் வேலைக்கு வந்திருக்கிறார்.

முதலாளிக்கும் அவருக்கும் ஒரு ரகசியம்கூட உண்டு. முதலாளி போடுகிற டி-சர்ட்டை மாஸ்டர்தான் வெட்டுவார். இரண்டு வருடத்தில் முதலாளி எக்ஸெல்லிலிருந்து டபுள் எக்ஸெல்லுக்குப் போனது மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். லேபிளில் இன்னமும் எக்ஸெல் என்றுதான் தைத்துக் கொடுக்கிறார்.

புரட்டாசிக்கு முன்னால் அந்த ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு துரித உணவுக் கடைக்கு நாலாயிரம் டி-சர்ட். முதுகில் அச்சடிக்க வேண்டியது தனித் தாளில் வந்தது: வெள்ளைக் கட்டம், அதற்குள் கறுப்பு எழுத்தில் ஒரு அட்டவணை. மேலே இரண்டு ரொட்டிக்கு நடுவில் எதையோ வைத்த படம். கீழே இடது பக்கம் பெயர், வலது பக்கம் எண். கலோரி 480. கொழுப்பு 27. சோடியம் 1150. புரதம் 22. எல்லாம் ஆங்கிலத்தில்.

மாஸ்டருக்கு செஸ்ட், ஷோல்டர், ஸ்லீவ் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இந்தப் பெயர்கள் புதிதாக இருந்தன. புது பையர், அளவுக்குப் புதுப் பெயர் வைத்து முதுகிலேயே அச்சடிக்கச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் கதிர்வேலுக்கு போன் போட்டு, இந்தத் தாள் மீடியத்துக்குத்தானே என்று மட்டும் கேட்டார். அவன் வண்டி ஓட்டிக்கொண்டே, ஆமாம், மீடியம் சைஸ் சாம்பிள்தான் அப்ரூவல் ஆகியிருக்கிறது என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. இவர் கேட்டதிலும் தப்பு இல்லை. பென்சிலை எடுத்தார், வளர்த்தார்.

கலோரி சைஸுக்கு இருபது ஏறியது. கொழுப்பு ஒவ்வொன்று. சோடியம் பெரிய எண்ணாக இருந்ததால் ஐம்பது கொடுத்தார். புரதத்தைக் கழுத்து மாதிரி பாவித்து அரை அரையாக ஏற்றினார். ஒரு வரிசையில் பூஜ்யம் இருந்தது. அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, இது வளராத சாதி என்று விட்டுவிட்டார். ஐந்து சைஸுக்கும் அச்சடிக்க ஐந்து ஸ்கிரீன் தயாரானது. செக்கிங்கில் நாகஜோதி ஒவ்வொரு எண்ணையும் மாஸ்டர் தாளோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் அச்சு அசலாக இருந்தது. வழக்கம்போல முதல் உருப்படியில் சந்தனம் குங்குமம் வைத்து ஆபீஸ் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். முதலாளி தினமும் அதன் முன் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எண்ணெய்க் கறை பட்ட இரண்டு உருப்படியை மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் எக்ஸெல்லைப் போட்டுக்கொண்டு முட்டைத் தோசைக்கு உட்கார்ந்தார். மகள் ஜோதிகா லார்ஜைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். கல்லூரியில் உணவியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அப்பாவின் முதுகைப் படித்தவள், தன் டி-சர்ட்டைக் கழுத்தோடு இழுத்துத் திருப்பி அதையும் படித்தாள்.

"ஏம்ப்பா, ஒரே சாண்ட்விச்சு. எனக்கு ஐநூறு கலோரி, ஒங்களுக்கு மட்டும் ஐநூத்தி இருபதா?"

"நீ எல்லு, நான் எக்ஸெல்லு. வளரத்தானத்தா செய்யும்" என்றார் மாஸ்டர், தோசையிலிருந்து கண் எடுக்காமல்.

ஜோதிகா சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்த மாஸ்டர் மனைவி செல்லத்தாய் கரண்டியோடு ஓடிவந்தாள். மூச்சு வாங்கி முடித்துத்தான் ஜோதிகாவால் விளக்க முடிந்தது. அது சட்டையின் அளவு இல்லை, சாண்ட்விச்சுக்குள் என்ன இருக்கிறது என்ற கணக்கு. ரொட்டி, முட்டை, சீஸ், உப்பில் ஊறிய பன்றிக்கறி வறுவல். அதைத் தின்பவன் ஒல்லியா குண்டா என்று சாண்ட்விச் கேட்காது. யார் தின்றாலும் கொழுப்பு இருபத்தேழுதான்.

மாஸ்டர் கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தார். பெட்டி எல்லாம் ஒட்டியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை லாரி தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது. ஒருவருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால் கப்பலில் போய்விடும்; அங்கே போய்த் தெரிந்தால் கம்பெனி பெயர் கெடும். சொன்னால் முதலாளியின் அந்த ஒரு வாக்கியம் போய்விடும். அதுதான் அவரை வாட்டியது. பயந்துதான் போயிருந்தார், அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. தாளில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எது உப்பு, எது கொழுப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போதும், மிஞ்சினால் என்ன ஆகும் என்று அவள் சலிக்காமல் சொன்னாள்.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டார். கதிர்வேலும் கூப்பிடப்பட்டான். முதலாளி முழுதும் கேட்டுவிட்டு, அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒன்று மட்டும் கேட்டார். கதிர்வேல் தரையைப் பார்த்தபடி பன்றிக்கறி என்றான். புரட்டாசியில் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர் முதலாளி. எழுந்து போய்ப் பிள்ளையார் முன்னால் தொங்கிய டி-சர்ட்டைக் கழற்றி, மடித்து, அலமாரிக்கு அடியில் வைத்தார். பிறகு சாமிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பரவாலீங்க மாஸ்டர்" என்றார்.

லிங்கசாமி திட்டினால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடுவார். பரவாயில்லை என்றால்தான் ஆபத்து.

பையர் நான்கு நாள் அவகாசம் கொடுத்தான். எண்கள் இருந்த பத்திமேல் வெள்ளை அடித்து மறைத்து, அதன்மேல் சரியான எண்ணை மறுபடி அச்சடிப்பது என்று முடிவானது. மீடியம் மட்டும் தப்பித்தது. மற்றது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் உருப்படி. நான்கு நாளும் மாஸ்டர் பிரிண்டிங் டேபிளை விட்டு நகரவில்லை. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து அனுப்பினார். அவருடைய ரேஷன் கார்டு எண் அவருக்குத் தெரியாது. சாண்ட்விச்சின் சோடியம் இனி சாகும்வரை மறக்காது.

சரக்கு போய்ச் சேர்ந்தது. ஆனால் அடுத்த ஆர்டரின் தாள் மாஸ்டர் மேஜைக்கு வரவில்லை. கதிர்வேலின் கம்ப்யூட்டருக்குப் போனது. அதற்கடுத்ததும் அப்படியே. முதலாளி எதிரில் வந்தால் சாப்பிட்டீங்களா என்று மரியாதையாகக் கேட்டார், அவ்வளவுதான். மாஸ்டர் பழைய பேட்டர்ன் அட்டைகளைத் துடைத்து அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டார். செல்லத்தாய் ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் முதலாளி அவரே மாஸ்டர் மேஜைக்கு வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். இடது பக்கம் பெயர், வலது பக்கம் எண். கீழே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முத்திரை.

"டாக்டர் மடமடன்னு என்னமோ சொன்னாருங்க, ஒண்ணும் மண்டைல ஏறல. ஊட்ல காட்டுனா அழுவாங்க. கொழுப்பு, உப்பெல்லாம் இங்க உங்களுக்குத்தானுங்க மனப்பாடம்." குரலைத் தாழ்த்தினார். "இதுல எது வளரலாம், எது வளரக் கூடாதுன்னு கொஞ்சம் மார்க் பண்ணிக் குடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். சர்க்கரைக்கு நேரே 'வளரக் கூடாது' என்று எழுதினார். இரண்டு வகைக் கொழுப்புக்கு நேரே அதையே எழுதி அடிக்கோடு போட்டார். ரத்தத்தில் இரும்பு மட்டும் கொஞ்சம் வளரலாம். தெரியாத இரண்டு வரிக்குக் கேள்விக்குறி போட்டு, "இது எனக்குத் தெரியல மொதலாளி. மககிட்ட கேட்டுச் சொல்லுதேன், அதுக்கு மேல டாக்டர்தான்" என்றார். முன்பென்றால் அந்தக் கேள்விக்குறியைப் போட்டிருக்கமாட்டார்.

முதலாளி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது இருந்த இடத்தில் இன்னொரு தாளை வைத்துவிட்டு நகர்ந்தார். குழந்தைகள் இரவு உடை, மீடியம். செஸ்ட், லெங்த், ஸ்லீவ்.

"மொதலாளி, இது?"

"அது எப்பவும் போலத்தானுங்க" என்று நடந்துகொண்டே சொன்னார் லிங்கசாமி. "நீங்க வளத்துங்க மாஸ்டர்."

மாஸ்டர் கேண்டீனுக்குப் போய், இன்று முதல் முதலாளி டீயில் சர்க்கரை போடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு உட்கார்ந்து பென்சிலைச் சீவினார்.