பெயர் எழுதாத மருந்து

எல்லா ரைஃபிள் தோட்டாவுக்கும் ஆகிற ஒரே வெடிமருந்து வந்திருக்கிறதாம். ராணுவக் கிடங்கில் கழித்துவிட்ட சரக்காம். பில்லிங்ஸ் துப்பாக்கிச் சந்தையில் எவனோ ஒருவன் பெரிய பிளாஸ்டிக் ஜாடிகளில் வைத்து விற்றானாம், லேபிள்தான் வேறு, உள்ளே இருப்பது நம் பழைய மருந்தேதான் என்று சத்தியம் பண்ணினானாம். இதை வெர்னாவின் கொழுந்தன் கிளெல் ஸ்கோகன் பழைய வேட்டைக்காரர் ஹார்லனிடம் சொல்ல, ஹார்லன் செப்டம்பரில் ஒரு நாள் சாமான் கடைக்கு வந்து, கவுண்டருக்குப் பின்னால் நின்ற வெர்னாவிடம் சொன்னார்.

"எல்லாத்துக்கும் ஆகுமா? அப்ப காப்பியிலயும் ஒரு ஸ்பூன் கலக்கிக்கச் சொல்லு" என்றாள் வெர்னா.

"சிரிக்காத. கடைங்கள்ல மருந்தே இல்ல. ரெண்டு வருஷமா காலி ஷெல்ஃப்தான். மனுஷன் என்ன பண்ணுவான்? ஆர்விட் இருந்திருந்தா அந்த ஜாடிய ஒரு தடவை பார்த்தே சொல்லியிருப்பான், எதுக்கு ஆகும் எதுக்கு ஆகாதுன்னு."

வெர்னா ஆணிகளை எடைபோட்டுக் காகிதப் பையில் கட்டிக் கொடுத்தாள். ஆர்விட் எந்த ஜாடியையும் பார்த்து எதையும் சொன்னவனில்லை. முப்பத்தைந்து வருஷம் அவனுக்கு மனைவியாக இருந்தவளுக்கு அது தெரியாதா?

மொன்டானாவில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க 'ஆர்விட் லோடு' என்றால் ஒரு மரியாதை. ஆர்விட் வீட்டில் கட்டிய தோட்டா குறி தப்பாது, தாமதமாக வெடிக்காது, ரைஃபிளைக் கெடுக்காது என்று பேர். எல்க் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின மாதம் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சமையலறை மேசையில் உட்காருவார்கள். தன் ரைஃபிளுக்கு என்ன மருந்து சரிப்படும் என்று ஆர்விட்டைக் கேட்பார்கள். ஆர்விட் தாடையைச் சொறிந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்பான். அவர்கள் போனதும் கீழ்த்தளத்துக்கு இறங்கிவந்து, "அவனுக்கு எதைப் போடலாம், வெர்ன்?" என்று கேட்பான். அவள்தான் யோசித்தாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷமே கீழ்த்தளத்தில் தோட்டா கட்டும் மேசை அவள் கைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் மிச்சமிருந்த மருந்தை ஆர்விட் தவறான டப்பாவில் கொட்டிவிட்டான். இரண்டும் சாம்பல் நிறக் குருணை. கண்ணால் பிரிக்க முடியாது. ஒன்று கைத்துப்பாக்கிக்கான அவசர மருந்து, பொசுக்கென்று எரிவது. மற்றது பெரிய தோட்டாவுக்கான நிதான மருந்து. வெர்னா அந்த டப்பா முழுவதையும் கொண்டுபோய்த் தோட்டத்தில் விசிறிவிட்டாள். பெயர் தெரியாத மருந்து புல்லுக்கு, துப்பாக்கிக்கு இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். அந்த வருஷம் தக்காளி நன்றாகக் காய்த்தது. அன்றிலிருந்து மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா, வேலை முடிந்ததும் மூடி அலமாரிக்கு, அப்புறம்தான் அடுத்தது. அளந்தவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து குண்டை அழுத்தி மூடியவன் ஆர்விட்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சின்னத் தோட்டா உறையில் நிதான மருந்தைப் போட்டால் பாதி எரியாமல் வெளியே வரும். பெரிய உறையில் அவசர மருந்தைப் போட்டால் ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டே பின்னால் கிளம்பி முகத்துக்கு வரும். இந்த ரைஃபிளுக்கு இந்தக் குண்டு, இந்தக் குண்டுக்கு இந்த மருந்து, இவ்வளவு எடை, அதற்கு மேல் ஒரு துளி கூடாது. ஒவ்வொன்றாகக் கட்டி, சரளைக் குழியில் சுட்டுப் பார்த்து, காலி உறையைத் திருப்பி அடிப்பக்கம் அழுத்தத்தில் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றையும் பச்சை அட்டை நோட்டில் எழுதிவைத்தாள். யார் ரைஃபிள், என்ன குண்டு, என்ன மருந்து, எத்தனை கிரெயின் எடை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கி கிளப்பின் விருந்தில் ஆர்விட்டுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவன் எழுந்து நின்று, "இதெல்லாம் நான் தனியா கீழ்த்தளத்துல உட்கார்ந்து கண்டுபிடிச்சது" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னாவும் தட்டினாள். உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தை அவள்தான் கொண்டுவந்திருந்தாள். அதைப் பாராட்டி இரண்டு பேர் பேசினார்கள்.

அதற்கப்புறம் எல்லாப் பக்கங்களையும் புது நோட்டில் பெயர்த்து எழுதியபோது மருந்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். எடை மட்டும்தான். பெயர் அவள் தலையில். யார் வேண்டுமானாலும் நோட்டைப் புரட்டட்டும், அவளைக் கேட்காமல் ஒரு தோட்டா கட்டமுடியாது. என்றாவது ஒருவன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "வெர்னா, இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டே ஆகவேண்டும் என்று நினைத்தாள். ஆர்விட் இருந்தவரைக்கும் அதைக் கவனிக்கவே இல்லை. அவன்தான் படிக்கிறவனில்லையே.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்ச்சில் ஆர்விட் போய்ச் சேர்ந்தான். இந்த ஆகஸ்டில் அவன் தம்பி கிளெல் வந்து, கேடயத்தையும் நோட்டையும் கேட்டான்.

"அண்ணன் கைப்பட எழுதினது. குடும்பத்துல இருக்கணும்" என்றான்.

"அது என் கையெழுத்து, கிளெல்."

"அவன் சொல்லச் சொல்ல நீ எழுதியிருப்ப. யாரு இல்லன்னா?"

அவள் மகன் ஜாரெட், முப்பத்துநாலு வயது ஆள், கதவோரம் நின்றிருந்தான். "குடுத்துடும்மா. உனக்கு எதுக்கு அது? நீ என்ன வேட்டைக்கா போற?"

"அந்த நோட்டை நம்பி எதுவும் கட்டாதீங்க" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பதினோரு வருஷமாக ஏன் பெயர் எழுதவில்லை என்பதையும் சொல்லியிருக்கவேண்டும்.

"அப்பா செத்தப்புறமும் அவர் பேரைக் கெடுக்கணுமா உனக்கு?" என்று ஜாரெட் கேட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கிளெல்லோடு வண்டியில் ஏறினான். அதற்கப்புறம் அவள் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதில்லை. முதலில் நாலைந்து முறை அடித்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். வருவான், ஒரு நாள் அந்த நோட்டோடு வந்து கேட்பான் என்று காத்திருந்தாள். ஹார்லன் வந்து அந்த ஜாடிக் கதையைச் சொன்ன அன்றுகூட, கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தாள்.

எல்க் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை காலை ஊரே காலியாக இருந்தது. கடையில் வெர்னா மட்டும். ஒன்பது மணிக்கு ஹார்லன் நொண்டிக்கொண்டு வந்தார். முட்டி போனதிலிருந்து அவர் மலை ஏறுவதில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காலி உறையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"உனக்கு ஒரு ஞாபகப் பொருள். நேத்து சரளைக் குழியில கிளெல் சுட்டது. ஆர்விட் லோடு, வெர்னா! நோட்டைப் பார்த்து அப்படியே கட்டியிருக்கான். அந்தப் புது ஜாடி மருந்துல."

வெர்னா உறையைத் திருப்பினாள். மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் பொட்டு, விளிம்பெல்லாம் நசுங்கித் தகடுபோலத் தட்டையாகிக் கிடந்தது. பக்கத்தில் பித்தளையில் பளபளவென்று ஒரு வட்டத் தழும்பு.

"போல்ட் திறந்துச்சா?"

"எங்க திறந்துச்சு? விறகுக்கட்டையால ரெண்டு போடு போட்டான், அப்புறம்தான் வந்துச்சு. 'அண்ணன் மருந்துக்கு வீரியம் ஜாஸ்தி'ன்னு ஒரே சிரிப்பு."

"ஜாரெட் சுட்டானா?"

"இல்லயே. அவன் ரைஃபிள் போன வருஷமே குறி சரியா இருந்துச்சாம். தோட்டாவை எதுக்கு வீணாக்கணும்னு நேரா மலைக்குப் போயிட்டான். அவனுக்கும் கிளெல்தான் இருபது கட்டிக் குடுத்தான்."

ஜாரெட்டின் பக்கம் அவளுக்கு மனப்பாடம். பெரிய உறை, கனத்த குண்டு. அந்த வீட்டிலேயே ரொம்ப நிதானமாக எரியும் மருந்துக்கு அவள் கண்ட எடை அது. உறையின் கழுத்துவரை நிரம்பும். கிளெல்லின் பக்கத்தில் இருந்தது நடுத்தர மருந்துக்கான எடை. அதற்கே பொட்டு இப்படி நசுங்கியிருக்கிறது. ஜாரெட்டின் பக்கத்து எடையில் இந்த மருந்தைப் போட்டால் ரைஃபிள் தாங்காது. கன்னத்தை ஒட்டிவைத்துச் சுடுகிறவனும் தாங்கமாட்டான்.

அவள் போனை எடுத்து ஜாரெட்டைக் கூப்பிட்டாள். எட்டு முறை அடித்து நின்றது. மறுபடி. மறுபடியும் எட்டு.

"என்னம்மா ஆச்சு? மூஞ்சியே வெளுத்துப் போச்சு" என்றார் ஹார்லன்.

"உன் போனைக் குடு. என் நம்பர்னா எடுக்கமாட்டான்."

"எதுக்குன்னு சொல்லு. சும்மா இருக்கிற பையனை மலையில போய்..."

"அந்த நோட்டுல மருந்து பேரே கிடையாது, ஹார்லன். வெறும் எடைதான்."

"ஆர்விட் அப்படியா விடுவான்? அவ்வளவு ஜாக்கிரதையான ஆளு."

"ஆர்விட் ஒரு வரி எழுதல. எழுதினது நான். அளந்தது நான். உன் ரைஃபிளுக்குப் பார்த்துக் குடுத்ததும் நான்தான். பேரை எழுதாம விட்டதும் நான்தான். தெரிஞ்சே விட்டேன்."

ஹார்லன் அவளையே பார்த்தார். முப்பது வருஷம் அந்தச் சமையலறையில் காப்பி குடித்தவர்.

"தெரிஞ்சேவா? எதுக்கு?"

"யாராவது என்னைக் கேட்பீங்கன்னு."

வேறு நேரமாக இருந்திருந்தால் அவர் முகத்தில் வந்ததை நின்று பார்த்திருப்பாள். பதினோரு வருஷம் அதற்காகத்தானே காத்திருந்தாள்? இப்போது அதைப் பார்க்கத் தெம்பில்லை.

ஹார்லன் முதலில் கிளெல்லைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். "பள்ளத்துல இருப்பான். ஜாரெட் மேட்டுல உட்காருவேன்னான், அங்க டவர் கிடைக்கும். நம்பர் சொல்லு."

வெர்னா சொன்னாள். அவர் தடித்த விரலால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, காலி உறைக்குப் பக்கத்தில் போனை வைத்தார்.

மணி போனது. ஒன்று. இரண்டு. இது அவள் நம்பர் இல்லை. கோபத்தில் எடுக்காமல் இருக்கக் காரணமில்லை. ஹார்லன் மாமா கூப்பிட்டால் ஜாரெட் சின்ன வயதிலிருந்தே ஓடிவருவான். மூன்று. மானுக்குக் கேட்டுவிடும் என்று சத்தத்தை அடக்கி வைத்திருப்பான். நான்கு.

"எடுத்தான்னா நான் என்ன சொல்லட்டும்?" என்று ஹார்லன் மெதுவாகக் கேட்டார்.

"நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். நான் சொல்றேன்" என்று வெர்னா கவுண்டரின் மேல் குனிந்தாள்.

ஐந்து. ஆறு.