கப்பலுக்கு ஒரு காரியம்

போன கப்பலில் என் மனைவி வந்தாள். அதே கப்பலில் திரும்பிப் போய்விட்டாள்.

நடுவில் ஐந்து நாள். சாமான்களை இறக்கிவிட்டு, சாத்தம் மில்லிலிருந்து மரம் ஏற்றிக்கொள்ளக் கப்பலுக்கு எத்தனை நாள் பிடித்ததோ, அத்தனை நாள்தான் எனக்கும் குடும்பம் இருந்தது.

'ஏன், என்ன ஆயிற்று?' என்றுதானே கேட்கிறீர்கள்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்... சொல்வதற்குச் சுலபமான விஷயம் இல்லை.

பத்திரிகையில் இந்தப் பகுதியை விடாமல் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஜங்லிகாட்டில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள குவார்ட்டர்ஸ். நாலு வருஷமாகத் தனிக்கட்டை. மனைவி பார்வதி அம்பாசமுத்திரத்தில், அவள் அப்பா வீட்டில். காரணம், கடல். ஆற்றங்கரையில் வளர்ந்தவள். நாலு நாள் நாலா பக்கமும் தண்ணீர் என்றதும், 'என்னால ஆகாது' என்று உட்கார்ந்துவிட்டாள்.

என் பயம் வேறு. எனக்குத் தண்ணீரைவிட மனிதர்கள்தான் பயம். பேப்பரில் நாலு பக்கம் விளாசுகிற ஆசாமி, எதிரே ஒருத்தர் வந்து நின்றால் வாயைத் திறக்க மாட்டேன். அதிலும் இந்த ஊர் ஹிந்தி வேறு. கடைக்குப் போனால் வேண்டிய சாமானை விரலால் காட்டிவிட்டு நிற்பேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பார்வதிதான் ஒரு யோசனை எழுதினாள்.

"இப்படியே பயந்துக்கிட்டுக் கெடந்தா ரெண்டு பேருக்கும் வயசாயிரும். கப்பலுக்குக் கப்பல் ஆளுக்கு ஒரு காரியம் செய்வோம். மனசு நடுங்குத காரியமா இருக்கணும். செஞ்சு முடிச்சிட்டு எழுதணும். எனக்கு நடுக்கம் விட்டுப்போன அன்னைக்கு, நான் கப்பல் ஏறிருதேன்."

மாதம் ஒரு காரியம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எங்களுக்கு இங்கே மாதம் என்பது கப்பல்தான்.

அவள் ஆரம்பித்தாள். முதல் காரியம், துணையில்லாமல் பஸ் ஏறித் திருநெல்வேலி போய்த் திரும்பியது. அடுத்தது, திருச்செந்தூர்க் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. 'அலை வந்தப்ப நான் கண்ணை மூடலை' என்று அதன் கீழே கோடு போட்டு எழுதியிருந்தாள். அப்புறம் தூத்துக்குடியில் ஒரு வள்ளத்தில் ஏறிக் கரை மறைகிற தூரம் போய் வந்தாள். வாந்தி எடுத்ததைக்கூட மறைக்காமல் எழுதினாள்.

சரி, நான்?

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தீவுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தபால் பை கட்டும் நாளும் பண்டிகையும் இங்கே ஒத்தே போகாது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே கப்பல் கிளம்பிவிடும். அதை விட்டால் கடிதம் போய்ச் சேரக் கார்த்திகை முடிந்துவிடும். அதனால், 'தீபாவளி நல்லபடியாக நடந்தது, அதிரசம் நன்றாக வந்தது' என்று முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுவோம். எழுதியபடி பிறகு கொண்டாடிக்கொள்வோம். என் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர், பையன் ஜுரத்தில் படுத்திருக்கும்போதே 'ஜுரம் இறங்கி இட்லி சாப்பிட்டான்' என்று மாமனாருக்கு எழுதினார். பொய் என்று யாருக்கும் தோன்றாது. கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான்!

என் முதல் காரியம், பக்கத்து வீட்டு ஹல்தார் பாபுவோடு பேசுவது. வங்காளி. சாத்தம் மில்லில் வேலை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை போவதாகத்தான் இருந்தேன். கப்பலோ சனிக்கிழமை கிளம்புகிறது. என்ன செய்வது? 'ஹல்தார் வீட்டுக்குப் போனேன். உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள்' என்று எழுதிப் பையில் சேர்த்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. கடிதம் கடலில் போய்க்கொண்டிருக்கும். இனிமேல் போய்ப் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன? வேஷ்டி கட்டியவன் அவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் அதுவே சௌகரியமாகப் போய்விட்டது. கடலில் இறங்கி நீச்சல் கற்றுக்கொண்டேன் — காகிதத்தில். மீனவர் அந்தோணியின் டிங்கியில் ஏறி மீன் பிடிக்கப் போனேன் — காகிதத்தில். ஹல்தார் வீட்டில் வாராவாரம் சாப்பிட்டேன். அவர் மனைவி கையால் கடுகு அரைத்து வைத்த மீன் குழம்பின் ருசியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். வாசம் சுவர் தாண்டி வருமே, அது போதாதா?

நீச்சலை இந்தப் பகுதியிலும் எழுதினேன் அல்லவா? கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் 'உங்கள் துணிச்சலுக்கு வணக்கம்' என்று கார்டு போட்டிருந்தார். ஐயா, அந்த வணக்கத்தைத் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்வதி ஜெட்டியில் இறங்கியபோது எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு, ஒற்றை ஆளாக, பலகையில் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். கூட்டத்தில் ஒதுங்கி நின்றது நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு ஜாடியை எடுத்தாள். நார்த்தங்காய் ஊறுகாய்.

"இது ஹல்தார் வீட்டு அக்காவுக்கு. ஒன்றரை வருசமா உங்களுக்குச் சோறு போட்டிருக்காக. வெறுங்கையோட போய் நிக்க முடியுமா?"

"நாளைக்குப் போகலாமே..." என்றேன். அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு பாதிதான் திறந்தது. ஹல்தார் குரல்.

"கௌன்? கிஸ்கோ மாங்தா?"

யார், யாரைத் தேடுகிறாய் என்கிறார். பார்வதிக்கு அது புரியவில்லை. சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டைக் காட்டி என் பெயரைச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

"நாம் நஹி ஜான்தா," என்றார் ஹல்தார். பெயரே தெரியாது என்கிறார். 'நாம்' என்பது நம் நாமம்தானே, 'நஹி' என்றால் இல்லை என்று கப்பலிலேயே கற்றுக்கொண்டு வந்திருந்தாள். கதவு மூடியது. அவள் ஜாடியோடு திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை நான் ஆபீஸ் போனதும் கரைப்பக்கம் போய் அந்தோணியை விசாரித்திருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், தமிழ்தான். அவர் சொன்னதைச் சாயங்காலம் அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

"'அந்த பாபுவா? மீன் வாங்க வருவாரும்மா. விரலைக் காட்டுவாரு, பைசா குடுப்பாரு, போயிருவாரு. நாங்க கூங்கான்னுல்லா நெனச்சோம், வாய் பேசாத ஆளுன்னு! அவரு எங்க நம்ம டிங்கியில ஏறினாரு?' — இப்படிச் சொல்லுதாரு. நீங்க என்ன சொல்லுதீங்க?"

தபால், கப்பல், தீபாவளி என்று ஏதோ உளறினேன். அவள் முழுக்கக் கேட்டாள். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது. கத்தவில்லை.

"அலை வாரப்பெல்லாம் உங்களை நெனச்சுக்கிடுவேன்," என்றாள். "அவுகளே நீந்துதாக, நமக்கென்னன்னு. என் பயம் போனது உங்க கடுதாசியாலதான். அதுக்காக நான் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

"அப்படின்னா இருந்துடேன், பார்வதி."

"யாரை நம்பி இருக்க? பத்து மணிக்கு நீங்க ஆபீசுக்குப் போயிருவீங்க. ஒரு தலைவலின்னா யார் கதவைத் தட்ட? நாலு பேர் இருக்காகன்னு நம்பில்லா வந்தேன்! நாலு வருசமாச்சு... நீங்களே இந்த ஊருக்கு இன்னும் வந்து சேரலையே. வந்து சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடுங்க. நான் வாரேன்."

கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் நின்று கை அசைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜெட்டியில் நின்ற கூட்டம் கலைந்து, மில்லில் சங்கு ஊதி, ஷிஃப்ட் மாறியது. அதற்கு முன்பும் நான் தனி ஆள்தான். ஆனால் அன்றைக்குத்தான் வீடு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரே ஓர் அறை வீடு!

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். நான் எழுதிய பொய்யை நம்பி ஒருத்தி நிஜமாகவே தைரியசாலி ஆகிவிட்டாள். எழுதியவன் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறான். எதைச் செய்யப்போகிறோம் என்று முன்கூட்டி நாலு பேரிடம் சொல்லிவிட்டால், செய்துவிட்ட திருப்தி பாதி வந்துவிடுகிறது. 'செய்துவிட்டேன்' என்றே சொல்லிவிட்டால் முழுத் திருப்தியும் வந்துவிடுகிறது. அப்புறம் எவன் செய்வான்?

போன ஞாயிற்றுக்கிழமை வேஷ்டி கட்டினேன். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை ஹல்தார் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஹல்தாரின் மனைவிதான் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இது:

"வோ பெஹன் கஹாங் கயி? ஆச்சார் லாயி தி..."

ஊறுகாய் கொண்டுவந்த அந்தச் சகோதரி எங்கே? யாரோ என்று பயந்து கதவை மூடிவிட்டார்களாம். மறுநாள் முழுக்க அவளுக்கு அது மனசை உறுத்தியதாம். என்னைப் பெரிய கோபக்கார பாபு என்று நினைத்து, வந்து கேட்கவும் தயங்கியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் பயம்தான்!

"மெயின்லேண்ட்," என்றேன்.

"கப் ஆயேகி?"

எப்போது வருவாள்? விரலை நீட்டிக் கடல் பக்கம் காட்டினேன். ஹிந்தி தெரியாததால் அல்ல. ஹல்தார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வந்தது. சாப்பாடு எல்லாம் இல்லை, வெறும் டீதான். நான் பேசியதும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். எழுந்தபோது அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். வங்காளி வாயில் அது கொஞ்சம் உருண்டையாக வந்தது. திருத்தவில்லை.

நாளைக்குத் தபால் பை கட்டுகிறார்கள். பார்வதிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நாலு பக்கம் எழுதுகிறவன், இந்தத் தடவை ஒரே வரி:

'ஹல்தாருக்கு என் பெயர் தெரியும்.'