ஏழு ஓட்டைக்கும் ஏழு பொட்டு

எங்கள் சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால், பந்தி முடிந்து கை கழுவி வரும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, பொட்டு வெக்கலீங்களா?” என்று கேட்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். மாமாவுக்கு முதலில் பார்த்த சம்பந்தம் முறிந்துபோனதற்கு, ஒன்பது வயதில் நான் வைத்த பொட்டுகள்தான் காரணம் என்பது எங்கள் குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்ட வழக்கு. நானும் மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலக்காட்டில் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். முப்பது வயதில், ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட ஏதாவது செய்யலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆத்தூருக்குப் போய்ப் பழைய அறுவடை வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வண்டியோடு ஒரு டிரைவரும் வந்தார். பெயருக்கு வண்டி மாமாவுடையது. அதற்கு என்ன ஒத்துக்கொள்ளும், என்ன ஒத்துக்கொள்ளாது என்பது டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

நெல்லை அறுக்கிற வண்டி எல்லாவற்றையும் அறுக்கும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளே ஒரு டிரம் சுற்றுகிறது. அதன் அடியில் கம்பிகளால் ஆன தொட்டில் மாதிரி ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கதிர் நசுங்கி மணி உதிர்கிறது. நெல்லுக்கு டிரம் வேகமாகச் சுற்ற வேண்டும், இடைவெளி நெருக்கமாக இருக்க வேண்டும். உளுந்துக்கு அதே வேகமும் நெருக்கமும் கொடுத்தால் மணி இரண்டாகப் பிளந்து பருப்பாகிவிடும். அதனால் பெல்ட்டை வேறு சக்கரத்துக்கு மாற்றி வேகத்தைக் குறைக்க வேண்டும், சல்லடையை மாற்ற வேண்டும், இடைவெளியை அகலப்படுத்த வேண்டும். இடைவெளிக்கென்று வண்டியின் பக்கவாட்டில் ஒரு இரும்புப் பட்டையும் அதில் வரிசையாக ஏழு ஓட்டைகளும் இருந்தன. எந்த ஓட்டையில் இரும்பு முளையைச் செருகுகிறோமோ அதைப் பொறுத்து இடைவெளி கூடும், குறையும்.

எந்தப் பயிருக்கு எந்த ஓட்டை என்று டிரைவர் எண்ணிச் சொல்ல மாட்டார். முன்னொரு தடவை யாரோ வலமிருந்து எண்ணுவதற்குப் பதில் இடமிருந்து எண்ணி, சோளத்தை மாவாக்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர் எண்ணிக்கையை நம்புவதில்லை. ஸ்பேனர் பெட்டிக்குள் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் வைத்திருந்தார். அடுத்து அறுக்கப்போகும் பயிருக்கான ஓட்டையின் பக்கத்தில் அதால் ஒரு புள்ளி வைப்பார். மழையில் போகாது, எண்ணெயில் போகாது. பயிர் மாறும்போது சுரண்டிவிட்டு வேறு இடத்தில் வைப்பார்.

அந்த வருடம் விஷுவுக்கு முன்னால் எலப்புள்ளியில் ஒரு பெண் வீட்டுக்காரர்கள் மாமாவின் ஜாதகம் பொருந்தியிருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். நிலம் உள்ள குடும்பம். பெண்ணின் அப்பா நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டிருந்தார். அந்த உளுந்து சமையலுக்கு அல்ல, விதைக்கு. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் விதை வாங்குவார்கள். விதையைப் பொறுக்கி, காயவைத்து, சாம்பல் கலந்து கட்டிவைப்பதெல்லாம் அந்த வீட்டுப் பெண்தான் என்று தரகர் பெருமையாகச் சொன்னார். பறிக்க ஆள் கிடைக்கவில்லை, கோடைமழை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலை. மாப்பிள்ளையிடம் வண்டி இருக்கிறதே, கொண்டுவந்து அறுக்கட்டும், பார்த்த மாதிரியும் ஆகும் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். மாமா அறுவடை வண்டியைக் கொண்டுபோனார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு டிரைவரின் மனைவிக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. எங்கள் ஊரில் ஒரு துண்டு நெல் வயல் பாக்கியிருந்ததால், உளுந்துக்கு வண்டியை அவரால் மாற்றிவைத்துவிட்டுப் போக முடியவில்லை. பெல்ட்டும் சல்லடையும் மாமாவுக்கே மாற்றத் தெரியும். முளைக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்துவிட்டு, “செவப்பு எங்க இருக்குதோ அங்க சொருகிக்கங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

எலப்புள்ளிக்குக் கிளம்பும் நாள் காலையில் வண்டிக்குப் பூஜை. எங்கள் வீட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. விரல் சிறியது, இடுக்குகளுக்குள்ளும் போகும் என்று அம்மா அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தாள். நான் எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. விளக்குகள், கண்ணாடி, ஏணிப்படி, சைலன்சர் என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு பக்கவாட்டுக்கு வந்தபோது, அந்தப் பட்டையில் ஏழு ஓட்டைகள் இருக்க ஒன்றுக்கு மட்டும் பொட்டு இருந்தது. யாரோ ஆரம்பித்துவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மற்ற ஆறுக்கும் வைத்தேன். பழைய பொட்டு கொஞ்சம் சிறியதாக இருந்ததால் அதன் மேலேயும் சந்தனம் தடவி, நன்றாகப் பெரிய குங்குமமாக வைத்தேன். ஏழும் ஒரே அளவில் வரிசையாக இருந்ததைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

மாமா வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் போக, நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி அவர்கள் வீட்டை ஒட்டிய வயலோரத்தில் நின்றுகொண்டிருந்தது. மாமா பெல்ட்டையும் சல்லடையையும் மாற்றி முடித்து, இஸ்திரி போட்ட சட்டையில் கிரீஸ் படாமல் கையைத் தள்ளிப் பிடித்தபடி அந்தப் பட்டையின் முன்னால் நின்றார். பெண்ணின் அப்பா, அம்மா, பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். மாமா ஏழு பொட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் குரல் மூன்று தடவை சொன்னது.

அப்போதுதான் மாமாவுக்குப் பார்த்த அந்த அக்கா வந்தாள். எல்லோருக்கும் மோர் கொடுத்தவள், சொம்பைக் கீழே வைத்துவிட்டு விஷயம் என்ன என்று அவள் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு நேராக மாமாவைப் பார்த்து, “டிரைவர் வெச்சது எதுலீங்க?” என்று கேட்டாள்.

“நெயில் பாலீசுங்க,” என்றார் மாமா.

“அப்பறம் என்னங்க. ஈரத்துணில தொடச்சா குங்குமம் போயிரும். பாலீசு அப்படியே நிக்கும்.”

சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, வரப்போரக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து மாமாவிடம் நீட்டினாள். இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் இல்லை. ஆனால் அவள் அம்மா குறுக்கே வந்தார். “ஏம்புள்ள, நல்ல காரியம் பேச வந்திருக்கறாங்க. இன்னிக்குப் போய் குங்குமத்த அழிக்கச் சொல்றயே?”

வைத்த குங்குமத்தை அன்றைக்கே அழிப்பது, அதுவும் பெண் கொடுக்க இருப்பவர்களின் வயலில் நின்றுகொண்டு அழிப்பது, எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மாமா அந்த அம்மாளைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். அம்மா லேசாகத் தலையை ஆட்டினாள். “பரவால்லீங்க, நான் பாத்துக்கறேன்,” என்றார் மாமா, நீட்டிய துண்டைப் பார்க்காமலே.

அக்கா சற்று நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். எனக்கு அவளைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நான் அவ்வளவு அழகாக வைத்ததை அழிக்கச் சொல்கிறாளே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் துண்டைப் பிழிந்து, உதறி, வேலிக்கம்பியில் சுருக்கமில்லாமல் விரித்துக் காயப்போட்டாள். காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சண்டையில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மாமா நடுவில் இருந்த நாலாவது ஓட்டையில் முளையைச் செருகினார். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அது நாலாவதுதான் என்பது ஒன்றே அதற்கிருந்த தகுதி. விஷயம் தெரிந்தவர்கள் மிக அகலமான ஓட்டையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். அப்படிச் செய்தால் முதலில் உடையாத காய்கள் வண்டிக்குப் பின்னால் கொட்டும். வருங்கால மாமனார் முன்னால் காயைக் கொட்ட மாமாவுக்கு மனம் வரவில்லை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. முக்கால் ஏக்கர் அறுத்துவிட்டு வந்து தார்ப்பாயில் கொட்டியபோது, கறுப்பாக விழ வேண்டியது கறுப்பும் வெள்ளையுமாக விழுந்தது. பெண்ணின் அப்பா குனிந்து ஒரு கை அள்ளி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாதிக்கு மேல் பிளந்திருந்தது. பிளந்த உளுந்து முளைக்காது. அவர் வண்டிக்குப் போய், தோளில் கிடந்த துண்டில் சொம்புத் தண்ணீரை ஊற்றி, ஏழு பொட்டையும் ஒரே இழுப்பில் துடைத்தார். இந்தத் தடவை சகுனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வலமிருந்து ஆறாவது ஓட்டைக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷ் பளபளவென்று இருந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. மிச்ச வயலை மாமா ஆறாவது ஓட்டையில் வைத்து அறுத்தார். ஒரு மணிகூட உடையவில்லை.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். நாங்கள் கிளம்பும்போது உடைந்த உளுந்தில் ஒரு மூட்டை கட்டி வண்டியில் வைத்து, “ஊட்டுல இட்லிக்கு ஆகுமுங்க. கொழந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றார். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் இட்லி பூவாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். பெண்ணுக்கு இஷ்டமில்லையாம் என்றார். எங்கள் வீட்டில் யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர்கள் பெண் மேல் போட்டுச் சொல்வது வழக்கம்தானே. முக்கால் ஏக்கர் விதை போனவர் வேறு எப்படிச் சொல்வார் என்று அம்மா நியாயம் சொன்னாள். உளுந்து உடைந்தது, சம்பந்தம் உடைந்தது, உடைத்தது இந்தப் பிள்ளை என்று கதை அன்றைக்கே முழு உருவம் எடுத்துவிட்டது. மாமா மட்டும் அதைச் சொல்லிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. இப்போது மூன்று வண்டிகள் இருக்கின்றன, பூஜைக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைக்கிறார்கள், பட்டைப் பக்கம் மட்டும் யாரையும் விடுவதில்லை.

போன மாதம் ஒரு காதுகுத்தில் மறுபடியும் அதே கேள்வி, அதே சிரிப்பு. எனக்கும் இப்போது ஜாதகம் பார்க்கிறார்கள். அன்றைக்கு அந்த அக்காவுக்கு இருந்திருக்கக்கூடிய வயதை நான் தாண்டிவிட்டேன். சிரித்து முடித்துக் கை துடைக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் அந்த வெள்ளைத் துண்டு நினைவுக்கு வந்தது. தரகர் சொன்னது பொய்யே இல்லை. அவளுக்கு இஷ்டமில்லை. அவள் பதிலைச் சொல்லி முடித்து, அதைப் பிழிந்து உதறி வேலியில் போட்டுவிட்டு உள்ளே போனதை அங்கே இருந்தவர்களில் நான் ஒருத்திதான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமா வண்டியை இன்னும் கிளப்பக்கூட இல்லை. ஒரு உளுந்துகூட உடைந்திருக்கவில்லை.