பேர் கூப்பிட்டே தலைவரானவர்

எங்கள் கட்சித் தலைவர் கருப்பண்ணன் போய்விட்டார் என்ற செய்தி எனக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வந்து சேர்ந்தது. தெமோதரையிலிருந்து வந்த லொறிக்காரர் சொன்னார். தராசுப் பக்கம் நின்ற கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். என் அருகே கூடையோடு நின்ற பாப்பாத்தி, "அப்ப இனிமேலாவது கூட்டம் வப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குக் கல்மனசு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கேள்வியை எனக்கும் கேட்கத் தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது, தன் காரில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். அந்தக் காருக்கு ஒரு பக்கக் கதவு திறக்காது, சணல் கயிற்றால் கட்டியிருக்கும். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அன்று அவளைத் தவிர எல்லோரும் தள்ளினோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த மேடையில் ஏறினாலும் என்னைக் காட்டி, "இவன் பொஞ்சாதி உசுரு நான் குடுத்தது" என்பார். சாகும்வரை சொன்னார். நானும் எழுந்து எழுந்து கும்பிட்டேன்.

தோட்டத் தமிழர்களான நம்முடைய வாக்குரிமையை அரசாங்கம் பறித்த பிறகு வந்த தேர்தலில், பிரஜாவுரிமை கிடைத்திருந்த அவர்தான் கட்சிக்கு வேட்பாளர். வாக்கு இருந்தது கீழே சிங்களக் கிராமங்களில். அவரோ வாக்கே இல்லாத எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தார். மாலை போட்டது நாங்கள் அல்லவா? கிராமங்களுக்கு நடந்துபோய் அவருக்காக வாக்குக் கேட்டது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆறுமுகம் அண்ணன். சிங்களம் நன்றாகப் பேசுவார். அங்கே ஒரு பெரியவர் பலாக்காய் அவித்துக் கொடுத்து, உங்கள் ஆள் ஒரு தடவை முகத்தைக் காட்டினால் என்ன என்று கேட்டாராம். தலைவரிடம் சொன்னோம். காட்டுகிறேன் என்றார். காட்டவில்லை. தோற்றார்.

புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பதுளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார்கள். நாட்டில் போன வாக்கு, கட்சிக்குள் மட்டும் ஆளுக்கு ஒன்று மிச்சம் இருந்தது. அதை ஆறுமுகம் அண்ணனுக்குப் போடத்தான் மலை இறங்கினோம். பாப்பாத்தி கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். நான் புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். அது கடித்த கடியில் வழியில் ஹாலிஎலயிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

தலைவர் எழுந்தார். "தோத்துட்டா தலைவர மாத்தணுமா? மழை பேஞ்சுச்சுன்னு கூரைய மாத்துவீங்களா?"

"ஒழுகுனா மாத்தத்தாங்க வேணும்" என்றாள் பாப்பாத்தி. மண்டபமே சிரித்தது.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உறுப்பினர் பட்டியலைக் கையில் எடுத்தார். முன்னாளில் அவர் கங்காணி. விடியற்காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இருபது வருஷம் பேர் கூப்பிட்ட தொண்டை அது. அதே தொண்டையில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பேர் காதில் விழுந்தால் கையைத் தூக்கி "இருக்கேங்க" என்பது எங்கள் உடம்பில் ஊறியது. தாமதித்தால் அரைச் சம்பளம், தவறினால் அன்றைக்கு வேலையே இல்லை. முதல் பேர் என்னுடையது. தூக்கினேன். அப்புறம் எல்லோரும் தூக்கினார்கள், பாப்பாத்தியும்தான். ஆறுமுகம் அண்ணனே தூக்கினார்.

தலைவர் பட்டியலை மடித்தார். "ஒருத்தர் பாக்கி இல்லாம கை தூக்கி என்னையே மறுபடி தலைவராக்கிட்டீங்க. ரொம்ப சந்தோசம்."

பாப்பாத்திதான் எழுந்தாள். "வந்துருக்கோம்னு காட்டத்தானே தூக்குனோம்? எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

"தூக்குன கைய எழுதியாச்சு தாயி. ஒக்காரு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் பத்துப் பேர் எழுந்திருப்பார்கள். தலைவரும் என்னைத்தான் பார்த்தார். எனக்கு அந்தக் கார் ஞாபகம் வந்தது. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவர் கூட்டமே வைக்கவில்லை. ஆறுமுகம் அண்ணன் கட்சிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். சாவு வீட்டில் பேசியவர்கள், ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்று புகழ்ந்தார்கள். அந்த ஏகமனதில் என் மனது இல்லை. காருக்காக அவரை இன்னும் கும்பிடுவேன். கூட்டத்துக்காக மன்னிக்க மாட்டேன்.

இந்த மாசக் கடைசியில் மறுபடி தலைவர் தேர்வு. ஆறுமுகம் அண்ணனைப் போய்க் கேட்டோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் நான் எழுந்து நின்று அவர் பேரை வாயால் சொல்லப்போகிறேன்.

கருப்பண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். பேரைக் கூப்பிட்டால் என் கை இப்போதெல்லாம் உடனே எழும்புவதில்லை. பெரட்டிலும் அப்படித்தான். அதற்காகப் போன வாரம் இரண்டு நாள் அரைச் சம்பளம் போட்டார்கள். போடட்டும்.